இரவல் வாங்காத குடும்பம்

அலெக்சாந்திரியாவின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடற்காற்று தார்ப்பாயை உப்ப வைக்கிறது. மெத்வல்லியின் தள்ளுவண்டியில் மஞ்சள் டிரில்லிங் மெஷின்கள் குவிந்து கிடக்கின்றன. ஹாஜி ருஷ்தி ஒன்றைத் தூக்கிப் பார்க்கிறார். பொம்மைபோல் லேசாக இருக்கிறது. விசையை அழுத்தினால் கீச்சிடுகிறது. கருகல் வாடை வருகிறது. "பத்து ஓட்டையாவது தாங்குமாடா?" "இந்த விலைக்குப் பேரன் காலம் வரைக்குமா உழைக்கும், ஹாஜி? உங்க கட்டடத்துல எல்லாரும் இதைத்தான் வாங்கியிருக்காங்க." அது அவருக்குத் தெரியும். அவருடைய கனத்த பழைய மெஷின் பழுதாகாமல் ஓடிய காலத்தில் எல்லா மாடிக்காரர்களும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். இரவல் பொருளை வெறுங்கையோடு திருப்பித் தரும் வழக்கமில்லை. மெஷினோடு ஒரு தட்டு இனிப்பும் கொஞ்சம் பேச்சும் வீட்டுக்குள் வரும். இப்போது ஆளுக்கொரு மெஷின். சுவருக்கு அப்பால் சத்தம் மட்டும் கேட்கிறது. "ஒரு திரைக்கம்பி மாட்டணும்னுதானே சொன்னீங்க, ஹாஜி? பக்கத்து வீட்டுல கேளுங்களேன்." "எங்க குடும்பத்துல எவனும் இரவல் கேட்டதில்லடா." முதுகு நிமிர்கிறது. மெஷின் கையிலேயே இருக்கிறது. தார்ப்பாய் படபடக்கிறது. பிறகு அதை அலுங்காமல் குவியலில் வைத்துவிட்டு, எதிரே இருக்கும் இனிப்புக் கடைக்கு நடக்கிறார்.

"பஸ்பூசா ஒரு தட்டு கட்டு."

"என்ன விசேஷம், ஹாஜி?"

"இரவல் வாங்கினதைத் திருப்பிக் குடுக்கணும்."

"அப்படி என்ன வாங்கினீங்க?"

"இன்னும் கேக்கல."