கல்மீன் கண் மூடிய காலை

இன்னும் ஒரு விரல்.

கோகிலா கலங்கலின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் நீளமான கற்சுவர் அது. அதை ஒட்டி ஏரிக்குள் நிற்கும் தூணில், தலை மேலாக ஒரு மீன் செதுக்கியிருக்கிறது.

வால் முந்தாநாளே முழுகிவிட்டது. வயிறு நேற்று.

இப்போது அலை கண்ணின் கீழ் விளிம்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.

மீன் கண் மூடினால் ஏரி வழியும்.

பல்லவர் காலத்து மீன் என்பார் தலைமையாசிரியர். பாண்டியர் படையெடுத்து வந்து செதுக்கிவிட்டுப் போனது என்பார் தபால்காரர். நெடுஞ்சாலையில் பேரூராட்சி வைத்த பலகை இருவரையும் பகைத்துக்கொள்ளாமல் ‘ஆயிரம் ஆண்டு கல்மீன்’ என்று மட்டும் சொன்னது. பலகையை நம்பித் திரும்பும் கார்கள், வேலிக்காத்தான் முள்ளும் ஆடுகளுமாகக் கிடக்கும் ஏரியைப் பார்த்துவிட்டு, ஊரில் ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விடும்.

இன்று கரை கொள்ளாத கூட்டம்.

வந்தவாசியிலிருந்தெல்லாம் பைக்கில் வந்திருந்தார்கள். ஒரு பஜ்ஜிக் கடை இரவோடு இரவாக முளைத்திருந்தது. யாரோ பறக்கவிட்ட டிரோன் மீனின் தலைக்குமேல் வண்டுபோல் ரீங்கரித்தது.

“ஏறுதா?”

“ஏறுது, ஏறுது!”

“யோவ், அலை அடிச்சா ஏறினதா ஆயிடுமா? சும்மா இரு.”

அவள் கண் இமைக்கவில்லை. 

அவள் இந்த ஊருக்கு மருமகளாக வந்த வருஷம்தான் மழை பொய்த்தது. அதற்கு முந்தைய ஐப்பசிவரை ஏரி வழிந்துகொண்டுதான் இருந்தது.

ஏரி வழியும் அன்று, ஊருக்குக் கடைசியாக வந்த மருமகள் கலங்கல்மேல் இறங்கி, சிவப்புப் புடவை ஒன்றைத் தண்ணீரில் விட வேண்டும். புடவை போகும்வரை வேறு யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது.

அவளுக்கும் ஒன்று வாங்கி வைத்தார்கள்.

ஏரி வழியவில்லை. அடுத்த வருஷமும். அதற்கடுத்த வருஷமும்.

அவளுக்குப் பின் எத்தனையோ மருமகள்கள் வந்தார்கள். பழி மட்டும் முதலில் விழுந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

“வறண்ட காலு,” என்பாள் மாமியார் கன்னியம்மா. சண்டையில் அல்ல. வடாம் பிழியும்போது, பேச்சோடு பேச்சாக.

அலை வந்தது. திரும்பவில்லை.

“கண்ணு மூடிச்சு!”

கத்தியது தான்தான் என்று அவளுக்குப் பிறகே தெரிந்தது.

சுவரின்மேல் முதலில் ஒரு நூல். பிறகு ஒரு நாடா. பிறகு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் விழுந்த தண்ணீர் பாறையில் சிதறி இரைந்தபோது கரையே எழுந்து குதித்தது. பறை முழங்கியது. சரவெடி ஒன்று பாதி நனைந்தும் வெடித்துத் தீர்த்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். தலைமையாசிரியரும் தபால்காரரும்கூட.

“எங்கடா ஹேமா? கூப்புடு அந்தப் பொண்ண!”

போன மாதம் கல்யாணமாகி வந்தவள் ஹேமா. தாலிக் கயிற்றில் மஞ்சள் மங்கவில்லை. கூட்டம் அவளை முன்னே தள்ளியது.

“மவராசி! கால வச்சா, ஏரி வழியுது பாரு!”

கன்னியம்மா ஹேமாவின் கன்னம் வழித்து நெட்டி முறித்தாள்.

கோகிலா சிரித்துக்கொண்டேதான் நின்றாள். பார்வை மட்டும் தன் கால்களுக்கு இறங்கியது.

அப்போதுதான் ஹேமாவின் மாமனாருக்கு முகம் வெளுத்தது.

புடவை?

யாரும் வாங்கவில்லை. மூன்று நாளாக மீனையே பார்த்துக்கொண்டிருந்த ஊர், அது கண் மூடும் என்று நம்பியிருக்கவில்லை. ஜவுளிக்கடை திறக்க நேரமாகும். தண்ணீர் காத்திருக்காது.

அதற்குள் கோகிலா ஓடிக்கொண்டிருந்தாள்.

கரைச்சரிவு. கோயில் சந்து. வீடு. பெட்டியின் அடி. ரசகற்பூர வாடை.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து ஹேமாவின் கையில் வைத்தாள். சிவப்பு அப்படியே இருந்தது. மடிப்பு மட்டும் தழும்புபோல் படிந்திருந்தது.

“ஏ கோகிலா, அது உன்னுதாச்சே?” என்றாள் கன்னியம்மா.

 கோகிலா புடவையின் முந்தியில் மஞ்சள் தடவுவதுபோல் குனிந்து, ஹேமாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“அடுத்த வருசம் வழியலன்னா, அதுக்கு நீ காரணமில்ல. மனசுல வச்சிக்க.”

ஹேமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

கோகிலாவின் முகத்தைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். நெட்டி முறித்த கைகளைப் பார்த்தாள்.

பிறகு கலங்கலில் இறங்கினாள்.

பறை நின்றது. ஹேமா புடவையை உதறி விரித்துத் தண்ணீரில் இறக்கினாள். வேகம் அதைச் சுண்டி இழுத்தது.

ஹேமா விடவில்லை.

“விடு பொண்ணே!”

விடவில்லை. ஒரு கையால் முந்தியைப் பிடித்தபடி திரும்பினாள். மறு கையைக் கரைப்பக்கம் நீட்டினாள்.

“வாக்கா.”

டிரோன் அவர்கள் தலைக்குமேல் வந்து நின்றது.

கன்னியம்மாவின் கை வாய்க்குப் போனது. 

கோகிலா தன் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். ஹேமாவின் கையைப் பற்றினாள். வலது காலை எடுத்து வைத்தாள்.

சில்லென்றிருந்தது.

தண்ணீர் அந்தக் காலையும் நனைத்துக்கொண்டு, நிற்காமல், வயல்களைப் பார்த்து ஓடியது.