உட்காரு, மாவிஸ்

"போதும் மாவிஸ், உக்காரு" என்றார் தலைவர் வில்ஃப்.

மாவிஸ் உட்காரவில்லை. நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் ஊர் மண்டபத்தின் நடுவில் நின்றாள். வெளியே யார்க்‌ஷயர் மழை நிற்காமல் பெய்துகொண்டிருந்தது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"புல்வெளிப் பாதையில நடந்தேன்னு சொல்லிட்டே. முப்பது வருஷம்னும் சொல்லிட்டே. அது போதும்."

மண்டபம் முணுமுணுத்தது. நாட்டுப்புறத்தில் பொதுமக்கள் எங்கெங்கே நடக்கலாம் என்று கவுன்சிலுக்கு யோசனை சொல்ல அமைந்த குழு அது. அன்றுதான் முதல் கூட்டம்; புல்வெளிப் பாதை ஊர் வழியா இல்லையா என்பதே விசாரணை. அப்படியொரு குழு வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவளே மாவிஸ்தான். பண்ணைக்காரர்கள், நடப்பவர்கள், குதிரைக்காரர்கள் என்று ஆள் பிடித்ததும் அவள்தான்.

"எனக்கெதுக்கு இந்த வம்பு" என்று நழுவிய வில்ஃபை இழுத்து வந்து தலைவர் நாற்காலியில் உட்கார வைத்ததும் அவளேதான். இப்போது அவர் அவளையே பேச விடமாட்டேன் என்கிறார்.

"யோவ் வில்ஃப்!" இறைச்சிக் கடை டோரின் பின்வரிசையிலிருந்து கத்தினாள். "ஞாயித்துக்கிழமை அந்த ஆளு வாங்கிக் குடுத்த பீர் இன்னும் தொண்டையிலயே நிக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆள் ஜூலியன், முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பெரியப்பா எஸ்ரா இறந்த பிறகு அவருடைய பண்ணைக்கும் புல்வெளிக்கும் வாரிசாக வந்தவன். வந்த கையோடு புல்வெளிப் பாதையின் கேட்டில் பூட்டுப் போட்டவன். அவனும் சேர்ந்து சிரித்ததுதான் ஆச்சரியம்.

புல்வெளிக்கு அந்தப் பக்கம், முதியோர் இல்லத்தில், மாவிஸின் கணவர் லெஸ் இருக்கிறார். பெற்ற பிள்ளைகளின் பெயர்கூட மறந்துபோன மனிதர். மாவிஸ் ஊட்டினால் மட்டும்தான் வாயைத் திறப்பார்.

புல்வெளி வழியே போனால் கூப்பிடு தூரம். சாலை வழியே என்றால் குன்றையே சுற்ற வேண்டும். பஸ் வாரத்துக்கு ஒரு நாள்தான். பூட்டு விழுந்ததிலிருந்து லெஸ் பாதி ஆளாகிவிட்டார்.

வில்ஃப் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "விதியை இன்னொரு தடவை வாசிக்கிறேன். 'பூட்டை உடைக்காமல், ஒளிந்து மறைந்து போகாமல், யாருடைய தயவிலும் இல்லாமல், இருபது வருடம் மக்கள் நடந்திருந்தால் அது ஊர் வழி.'" தலையைத் தூக்கி மாவிஸைப் பார்த்தார். "யாருடைய... தயவிலும்... இல்லாமல்."

"எங்களுக்குக் காது நல்லாவே கேக்குது. நீ முதல்ல கண்ணாடியை மாத்து!" என்றாள் டோரின்.

"சாட்சிக்குத் தலைவர் எதையும் சொல்லித் தரக் கூடாதுன்னும் விதி இருக்கு டோரின்." குளிர் அடிக்கும் மண்டபத்தில் வில்ஃபுக்கு மட்டும் வேர்த்திருந்தது. "எல்லாரும் டீ குடிச்சிட்டு வருவோமே?"

"டீயாவது கீயாவது!" என்றாள் டோரின்.

ஜூலியன் எழுந்தான். "அவங்க பேசட்டும் சார், பாவம். எங்க பெரியப்பா கல்நெஞ்சுக்காரர்னு கேள்விப்பட்டேன். இவங்களையும் எத்தனை தடவை விரட்டினாரோ!"

"யாரு, எஸ்ராவா?" மாவிஸின் குரல் உயர்ந்தது. "அந்தத் தங்கமான மனுஷன் மேல பழி போடாதே தம்பி."

"மாவிஸ், உக்காரு!" வில்ஃப் மேசையைத் தட்டினார்.

"மாட்டேன். நன்றின்னு ஒண்ணு இருக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி, அவர் பண்ணைக்கு வந்த முதல் வருஷமே, இதே மண்டபத்துல, அறுவடை விருந்துல, கையில கிளாஸோட எழுந்து நின்னு சொன்னார். 'என் புல்வெளியில யார் வேணும்னாலும் நடங்க. நான் அனுமதி தர்றேன். ஆட்டுக்குட்டிகளை மட்டும் மிரட்டாதீங்க'ன்னார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழக் கேக்கும் சீஸும் கொண்டுபோய், 'இந்த வருஷமும் நடக்கலாமா எஸ்ரா'ன்னு கேப்பேன். 'இதையெல்லாம் ஒரு கேள்வின்னு கேக்க வந்துட்டியா, போ'ம்பார்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நெஜமாவா!" ஜூலியன் நெகிழ்ந்துபோனவனாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "பெரியப்பா அப்படிச் சொன்னதை வேற யாரெல்லாம் கேட்டிருக்கீங்க?"

மளமளவென்று கைகள் உயர்ந்தன. டோரின் இரண்டு கையையும் தூக்கினாள். "அன்னிக்கு அவரைத் தோள்மேல தூக்கிட்டு ஆடினதே என் புருஷன்தான்!"

வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றான் ஜூலியன். குரலில் இருந்த நெகிழ்ச்சியைக் காணோம். "எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க, தலைவரே. மொத்த ஊரும் என் பெரியப்பா தயவுலதான் நடந்திருக்கு. அப்போ விதிப்படி இது ஊர் வழி இல்லை. தயவு காட்டினவர் போய்ச் சேர்ந்துட்டார். நான் காட்டுறதா இல்லை."

கோட்டை மாட்டிக்கொண்டு அவன் நிதானமாகப் பொத்தான் போட்டான். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"அப்போ லெஸ்ஸுக்கு யாரு ஊட்டுறது?" என்று கேட்டாள் மாவிஸ். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

வில்ஃப் மேடையை விட்டு இறங்கி வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து அவள் பின்னால் போட்டார்.

"இதுக்குத்தான் மாவிஸ் உன்னை உக்காரச் சொன்னேன்."