முதுகு கொடுத்த சுவர்

எவ்வளவு நனைந்தாலும் சாயாத செங்கல் சுவரைக் கட்டிக் காட்டினால் செழியனின் ஆராய்ச்சிக்கு நிதி தருவதாக ஒரு அறக்கட்டளையில் சொன்னார்கள். மழைநாளில் ஒரு சுவர் இடிந்து மனைவி பூவிழியை மூடிக் கொன்றதிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. கட்டி முடித்ததும் தேர்வுக் குழு வந்தது.

"கட்டுனவரே மொதல்ல சாஞ்சு உட்காருங்க தம்பி. கொத்தனாருங்க வழக்கம்தானே? விண்ணப்பத்துல எழுதுனதை நீங்களே நம்புறீங்கள்ல?" என்று சிரித்தார் தலைவர்.

செழியன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். சுவரின் தலையில் குழாயைத் திறந்துவிட்டார்கள். செங்கல் குடித்துக்கொண்டே இருந்தது. சாய்வு பார்க்கப் பக்கத்தில் தொங்கவிட்ட தூக்குக்குண்டின் நூலிலிருந்து சுவர் மயிரிழையும் விலகவில்லை.

"அசையவே இல்லையே! நிதி உங்களுக்குத்தான். எந்திரிங்க."

செழியன் எழவில்லை. முதுகில் ஈரமாய், கனமாய், யாரோ சாய்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் தள்ளிப் போயிருங்க சார்," என்றான். "நான் எந்திரிச்சா விழுந்துரும்."