காதில் விழாத குரல்

“மேடம், நான் பேசறது கேக்குதா?”

காதில் செருகியிருந்த இயர்பீஸில் சத்தமே இல்லை. அடுத்து எதை வாசிப்பது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தயாரிப்பாளர் அதன் வழியாகத்தான் சொல்வார். நேரலை தொடங்கப்போகிற நேரத்தில் செய்தி வாசிப்பாளர் கையை ஆட்டி உதவிக்கு ஆள் கூப்பிட்டார்.

ஒலிப் பொறியாளர் ஓடிவந்து பார்த்தார்.

“லைன்ல கோளாறு இல்ல சார். அவங்கதான் உங்ககிட்ட பேச மாட்டேங்கறாங்க.”

செய்தி தொடங்கியது. பாதியில், வெள்ளத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த நிருபரின் தொடர்பு அறுந்தது. திரையில் மறுபடி வாசிப்பாளரின் முகம். காதில் அதே மௌனம். திருதிருவென்று விழித்தவர், கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார்.

“தடங்கலுக்கு வருந்துகிறேன். தவறு முழுக்க முழுக்க என்னுடையதுதான். இனி ஒருபோதும் நடக்காது.”

பொறியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. “லைன் கட்டானதுக்கு இவர் என்ன பண்ணுவார்?”

சட்டென்று இயர்பீஸ் பேசியது.

“சரி, விளம்பர இடைவேளைன்னு சொல்லுங்க.”

சொன்னார். போன உயிர் திரும்பி வந்தது. இடைவேளை தொடங்கியதும் இயர்பீஸ் மறுபடி பேசியது.

“இனிமே எங்கம்மா பாடும்போது காதுல பஞ்சு வெச்சுக்குவீங்களா?”

“சத்தியமா மாட்டேன்டி! வேணும்னா இப்பவே அத்தையைப் பாடச் சொல்லு, கேக்கறேன்.”

“ஸ்டுடியோவைப் பாக்க வந்து என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. அம்மா, இந்தா மைக்!”

இடைவேளை முடியும்வரை மாமியார் பாடினார். இயர்பீஸைக் கழற்றவும் வழியில்லாமல், மருமகன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாளே!