வால்ட்ஸில் புகுந்த வண்டு

ஏடில்மா வீட்டு ஸ்பீக்கர் போட்ட ரீங்காரத்தில் எதிர்வீட்டுக் கிளி பேச்சையே மறந்துவிட்டது. பெயரைக் கேட்டால் 'ம்ம்ம்ம்' என்கிறது. எங்கள் ஊர் பாரன்கீயாவில் சத்தத்துக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் பாட்டே இல்லாத சத்தத்தை எங்கள் தெருவும் எவ்வளவுதான் பொறுக்கும்?

சனிக்கிழமை அவள் மகள் யுலியேத்துக்குப் பதினைந்து வயது நிறைகிறது. ரோஜா நிறக் கவுன் தைத்தாயிற்று. விருந்துக்குப் பன்றிக்கும் சொல்லியாயிற்று. பதினைந்து நிறைந்தால், தெருவே கூடி நிற்க, பெண் வால்ட்ஸ் நடனம் ஆட வேண்டும்; அதுதான் இங்கே வழக்கம். பாட்டு இருப்பது கம்ப்யூட்டரில். அதைப் பெரிய ஸ்டீரியோவோடு இணைத்தால் வால்ட்ஸுக்குள் வண்டு புகுந்துவிடுகிறது.

வண்டை விரட்டத் தெரிந்தவர் பக்கத்து வீட்டு எவரிஸ்தோ ஒருவர்தான். யுலியேத்தின் ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் இவளுக்கு 'கொம்பாத்ரே', இவள் அவருக்கு 'கொமாத்ரே'.

அவரைக் கூப்பிடத்தான் ஏடில்மாவுக்குக் குலைநடுக்கம். ஏனென்றால் அந்த ஸ்டீரியோ குடிப்பது எவரிஸ்தோ வீட்டு மின்சாரம். ஒரு கார்னிவல் நாளில், அவர் ஊர்வலத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் துணி துவைக்கும் முற்றத்திலிருந்து வாழை மரங்களுக்குள் ஒளித்து, மதில் ஏற்றி, ஜன்னல் வழியாக அவளே இழுத்துக்கொண்ட ஒயர்.

ஆனாலும் மகளின் வால்ட்ஸ் முக்கியம். கூப்பிட்டாள்.

எவரிஸ்தோ காப்பியைக் குடித்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினார். ரீங்காரம் நின்றது. சொருகினார். திரும்பி வந்தது.

"ரெண்டும் வேற வேற இடத்துல கரண்ட் எடுக்குது கொமாத்ரே. அதான் சண்டை. ஒரே பிளக்ல போட்டா வாயை மூடிடும்."

"வேற வழியே இல்லையா? கொஞ்சம் எண்ணெய் கிண்ணெய் விட்டுப் பாருங்களேன்."

"எண்ணெய் விட இது என்ன வாழைக்காயா, பொரிச்செடுக்க? ஸ்டீரியோவுக்கு எங்கேருந்து கரண்ட் வருது?"

ஏடில்மா ஜன்னல் திரைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, பாவாடையை விரித்து உட்கார்ந்தாள். முட்டிவலி என்றாள். எழுந்தால் உயிரே போய்விடும் என்றாள். எவரிஸ்தோ முக்காலியோடு அவளை அலேக்காகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் திரையை விலக்கினார்.

ஒயரைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். தன் வீட்டு வாழை மரங்களைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

ஏடில்மா சிலுவை போட்டுக்கொண்டாள். போலீஸ் வரும், தெரு சிரிக்கும், ரோஜா நிறக் கவுன் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். எல்லாம் அவள் கண்முன் வந்து போயிற்று.

எவரிஸ்தோ மெல்ல ஒயரைக் கழற்றிச் சுருட்டி அவள் மடியில் வைத்தார். ஸ்டீரியோவையும் கம்ப்யூட்டரையும் அவளுடைய சமையலறை பிளக்கிலேயே மாட்டினார். வண்டு செத்தது. வால்ட்ஸ் பாகு போல் வழிந்தது.

"கொம்பாத்ரே, நான் வந்து..."

"விடுங்க. இந்தப் பேச்சே வேணாம். கரண்ட் ஆபீஸ் காதுல மட்டும் விழுந்துடக் கூடாது. அவனுங்க வந்தா வீடு வீடாக் கிளறுவானுங்க. அக்கம்பக்கத்துக்குள்ள இதெல்லாம் ஒரு விஷயமா?"

ஏடில்மா அழுதேவிட்டாள். திருடியைத் திருடி என்று சொல்லக்கூட வாய் வராத மனிதர். தேங்காய்ச் சோறும் பொரித்த மீனும் தட்டு நிறைய வைத்து, வீட்டுக்குக் கிளம்பியவர் பின்னாலேயே மகளிடம் கொடுத்தனுப்பினாள். மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, இப்படி ஒரு உத்தமருக்கு நீண்ட ஆயுளைக் கொடு என்று மெழுகுவத்தி ஏற்றினாள்.

அதே நேரம் அந்த உத்தமர் தன் வீட்டுக் கூரைமேல் குப்புறப் படுத்து, ஏடில்மாவின் மீட்டரிலிருந்து தன் வீடு முழுவதற்கும் வரும் ஒயரை ஓட்டுக்கடியில் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.