கதைக்குப் பின்னால் கேட்டது

"டீச்சர், அந்தக் கதைய மட்டும் போட்றாதீங்க."

தேயிலைக் கொழுந்துக் கூடையை மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு, கங்காணியிடம் வயிற்றுவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்திருந்தாள் சண்முகவடிவு. வழியில் பள்ளிக்கூடப் பக்கமிருந்து எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. பேச்சியம்மாவும் நிற்காமல் போய்விட்டாள்.

குணபூசணி டீச்சர் ஸ்பீக்கருக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் போனில் படம் பிடித்து, தங்கள் குரலிலேயே கதை சொல்லிச் செய்த வீடியோக்களை இன்று பெற்றோருக்கும் கல்வி அலுவலக ஆட்களுக்கும் போட்டுக் காட்டப் போகிறார்கள். முதல் கதை சண்முகவடிவின் மகள் நிஷாந்தியுடையது.

அதை நேற்றே டீச்சர் பெற்றோர் குரூப்பில் அனுப்பியிருந்தார். கூட்டைத் தேடிப் போகிற ஒரு மைனாக் குஞ்சின் கதை. பிள்ளை அழகாகத்தான் சொல்லியிருந்தது. ஆனால் குஞ்சு மழையில் நனைகிற இடத்தில், பின்னால் ஏதோ விழுந்து உருண்டது. அப்புறம் ஒரு பொம்பிளை அழுகிற சத்தம். வாயில் துணியை வைத்துப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை.

எப்போதடி பேசினாய் என்று மகளைக் கேட்டாள். சம்பளத்தன்று பின்னேரம் என்றது பிள்ளை.

வகுப்பில் பேசிப் பதிய முடியவில்லையாம். கூரைத் தகரத்தில் விழுகிற மழையும், தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு கத்துகிற வாய்ப்பாடும் விடவில்லை. அமைதியான இடமாகப் பார்த்து வீட்டில் பேசிக்கொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருக்கிறார். ஒரே சுவரில் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஏது அமைதி? இந்தக் கோடிக் காம்பராவில் தும்மினால் அந்தக் கோடிக் காம்பராவில் கேட்கும். பிள்ளை பாவம், பூட்டிக் கிடந்த கடைசிக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்து, கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசியிருக்கிறது.

அந்தச் சம்பள நாளில்தான் புருசன் மாயாண்டி அவளைச் சுவரோடு சேர்த்து அடித்தான். கன்னத்துக் கறுப்பைக் கேட்டவர்களிடம் சாக்கடைக் கானில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். யாரும் துருவிக் கேட்கவில்லை. மழை நாளில் அந்த லயத்தில் வழுக்கி விழாத பொம்பிளை கிடையாது.

வீட்டு விசயம் வெளியே போனால் மகளின் படிப்பு அன்றோடு சரி என்று மாயாண்டி எப்போதோ சொல்லி வைத்திருந்தான். சொன்னால் செய்கிற ஆள். கதையை அவன் இன்னும் கேட்கவில்லை.

ஏன் போடக் கூடாது என்று டீச்சர் தலை நிமிராமலே கேட்டார். பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்றாள். குரல் சரியில்லை என்றாள். வேறு யாருடைய பிள்ளைக்காவது முதலிடம் கொடுங்கள் என்றாள். டீச்சர் வயரைத் திருகிப் பார்த்தார். ஸ்பீக்கர் ஒருதரம் கரகரத்து அடங்கியது.

வெளியே கல்வி அலுவலக வாகனம் வந்து நின்றது. அதன் பின்னாலேயே, தலையைப் படிய வாரிக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு மாயாண்டி கேற்றுக்குள் நுழைவது ஜன்னலில் தெரிந்தது. நேராக வந்து முன் வாங்கில்தான் உட்காருவான். மகளின் கதை அல்லவா.

இனி ஒளித்து என்ன ஆகப் போகிறது. சண்முகவடிவு டீச்சரின் காதருகே குனிந்தாள்.

"பின்னால அழுவுறது நான்தாங்க டீச்சர். லயத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சிச்சின்னா எம்புள்ளய பள்ளிக்கூடம் அனுப்ப மாட்டாரு."

பத்து வருசத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள்.

டீச்சரின் கை வயரிலேயே நின்றுவிட்டது. மெல்ல அதைப் பிடுங்கிக் கீழே வைத்தார். வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இண்டைக்குக் காலமை தொடக்கம் உங்கட லயத்தில இருந்து ஒவ்வொருத்தரா வந்த அம்மாமார் எல்லாரும், அந்த அழுகை தங்கட எண்டுதான் சொல்லினம்."