ரோமாபுரிப் படம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு. முதலாளி நசீர் சாயபுவின் மேஜையில், போகவிருக்கும் இத்தாலிப் பயணத்துக்காக வாங்கிய பட அட்டைகள் பரப்பிக் கிடக்கின்றன. சன்னல் வெயிலோடு சுண்ணாம்பு நெடியும் உள்ளே வருகிறது. "வெனிஸ் வேணாம்ப்பா, ஒரே தண்ணி. சிலைங்க ரோம்லதான் ஜாஸ்தி," என்கிறார் தம்பி நயீமிடம். காலையில் ஷாப்பின் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் விழுந்து செத்த மகனை மாதனூருக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி கேட்டு வந்த பச்சையம்மாள் வாசற்படியிலேயே நிற்கிறாள். "இரும்மா, பாக்கலாம்," என்கிறார் நசீர். நயீம் ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறான். பளிங்குத் தாயின் மடியில் செத்த மகன், தலைமுதல் கால்வரை வெளுத்துக் கிடக்கிறான். பச்சையம்மாள் எட்டிப் பார்க்கிறாள். மகனைத் தூக்கிய கையில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அந்தக் கையைப் படத்தை நோக்கி நீட்டுகிறாள். "அய்யோ, இந்தப் புள்ள எந்த ஷாப்புக் குழியில வுழுந்துச்சு, மொதலாளி?"